முதல் சிடி4 ஆன்டிபாடி: ஆர்டர் போடுவதிலிருந்து அளவு பிடிப்பது வரை

மனித ரத்தத்தில் உதவி டி செல்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி4 புரதத்தைப் பிடிக்கும், நிறமேற்றிய (அதாவது லேசர் பட்டால் ஒளிரும் சாயம் கோத்த) ஆன்டிபாடி ஒன்று வாங்க வேண்டும். கேட்க எளிய வேலைதான். ஆனால் ஆர்டர் போட்டு ஆறு வாரம் காத்திருந்து, குப்பி கைக்கு வந்தபின் "இந்த நிறத்தைப் படிக்கும் லேசர் நம் மெஷினில் இல்லையே" என்று கேட்டு உட்கார்ந்துவிடும் ஆய்வு மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். குறிப்பாக முதல் நான்கு படிகளை முடிக்காமல் எந்த நிறுவனத்துக்கும் ஆர்டர் போட வேண்டாம்.

சுண்டெலியில் வேலை செய்பவர்களுக்கும் முறை இதேதான். குளோன்கள் (ஒரே புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் தனித்தனி வகைகள்) மட்டும் வேறு. மனித சிடி4-க்கான ஆன்டிபாடி சுண்டெலிச் செல்லில் ஒட்டாது.

1. முதலில் மெஷின் இருக்கும் அறைக்குப் போங்கள்

செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் மெஷினான ஃபுளோ சைட்டோமீட்டரை இயக்குபவரிடம் மூன்று விவரங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தெந்த லேசர் இருக்கிறது, ஒவ்வொரு லேசருக்கும் எந்தெந்த ஃபில்டர் போட்டிருக்கிறது, இன்றைய தேதிக்கு எந்த டிடெக்டர் வேலை செய்கிறது. மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. மெஷினோடு வந்த அட்டையில் எட்டு நிறம் என்று இருக்கும். உள்ளே இரண்டு டிடெக்டர் பழுதாகி ஒரு வருடம் ஆகியிருக்கும்.

488 நானோமீட்டர் நீல லேசர் ஏறக்குறைய எல்லா மெஷினிலும் உண்டு. எஃப்ஐடிசி, பிஇ, பெர்சிபி-சை5.5 என்ற மூன்று சாயங்களையும் அதில் படிக்கலாம். 635 அல்லது 640 சிவப்பு லேசர் இருந்தால் ஏபிசி சாயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 405 ஊதா லேசர் இருந்தால்தான் பிரில்லியன்ட் வயலட் 421 போன்ற நிறங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். பழைய இரண்டு லேசர் மெஷின் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அதே அறையிலேயே இன்னும் இரண்டு கேள்வி. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் முன்னதாக நேரம் பதிய வேண்டும்? ஃபிக்ஸ் செய்யாத (வேதிப்பொருளால் கெட்டிப்படுத்தாத) மனித மாதிரியை உள்ளே விடுவார்களா? பொது வசதி மையங்கள் பலவற்றில் பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்த மாதிரியை மட்டுமே ஏற்பார்கள். அப்படியானால் செத்த செல்லைக் கண்டுபிடிக்க ப்ரொபிடியம் அயோடைடு, 7-ஏஏடி இரண்டும் உதவாது; ஃபிக்ஸ் செய்தபின் எல்லாச் செல்லும் அவற்றை உள்ளே விட்டுவிடும். ஃபிக்ஸ் தாங்கும் வகைச் சாயம் வாங்க வேண்டும், அதன் விலை அதிகம். பட்ஜெட் போடும்போதே இது தெரிந்திருக்க வேண்டும்.

2. குளோனைத் தேர்ந்தெடுங்கள், விலையைப் பிறகு பாருங்கள்

சிடி4 ஆன்டிபாடி என்று கேட்டால் போதாது. சிடி4 நான்கு மடிப்புகள் (தனித்தனிப் பகுதிகள்) கொண்ட புரதம். எந்தக் குளோன் எந்த மடிப்பில் ஒட்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மனித சிடி4-க்கு நீங்கள் அதிகம் பார்க்கப்போகும் பெயர்கள் மூன்று.

ஆர்பிஏ-டி4, எஸ்கே3 இரண்டும் வெளிமுனையில் உள்ள முதல் மடிப்பில் ஒட்டுபவை. எச்ஐவி வைரஸின் ஜிபி120 புரதம் வந்து ஒட்டும் இடமும் அதுதான். எனவே அந்தப் புரதத்தையோ வைரஸையோ சேர்த்துச் செய்யும் சோதனையில் இவை இரண்டும் குழப்பம் தரும்.

ஓகேடி4 மூன்றாம் மடிப்பில் ஒட்டுகிறது. வைரஸ் பிடித்திருந்தாலும் இது ஒட்டும். ஆனால் இதற்கென்று ஒரு கண்ணி உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டுமிடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். அவர்கள் ஆரோக்கியமானவர்கள், சிடி4 செல்களும் இயல்பாகவே இருக்கும், ஆனால் ஓகேடி4 போட்டால் திரையில் ஒரு புள்ளி கூட வராது. தன்னார்வலர்கள் பலரிடம் ரத்தம் எடுக்கும் ஆய்வு என்றால் ஓகேடி4-ஐ மட்டும் நம்ப வேண்டாம்.

சாதாரண ஆரோக்கியமான ரத்தத்துக்கு ஆர்பிஏ-டி4 அல்லது எஸ்கே3 எடுங்கள். இரண்டும் சுண்டெலி ஐஜிஜி1 வகை; ஓகேடி4 ஐஜிஜி2பி வகை. ஐசோடைப் கன்ட்ரோல் (அதே ஐஜிஜி வகையைச் சேர்ந்த, சிடி4-இல் ஒட்டாத ஒப்பீட்டு ஆன்டிபாடி) வாங்குவதாக இருந்தால் இந்த வேறுபாடு முக்கியம்.

உங்கள் செல்களை ஏற்கனவே சிடி4 காந்த மணிகளால் பிரித்தெடுத்திருந்தால், மணியில் இருக்கும் ஆன்டிபாடி ஒட்டுமிடத்தை அடைத்திருக்கும். அந்தக் கிட் எந்தக் குளோனோடு மோதாது என்று அதன் தாளிலேயே எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு வாங்குங்கள். சுண்டெலிக்காரர்களுக்கு இதே கண்ணி இன்னொரு உருவத்தில் வரும்: ஜிகே1.5 என்ற குளோனை ஊசியாகப் போட்டு சிடி4 செல்களை அழித்துவிட்டு, அழிந்ததா என்று அதே ஜிகே1.5 வைத்துப் பார்த்தால், அழியாத செல்லும் அழிந்ததாகத்தான் தெரியும். அதோடு மோதாத ஆர்எம்4-4 குளோன் வேண்டும்.

3. நிறம்: பளிச்சென்றதைச் சிடி4-க்குச் செலவழிக்காதீர்கள்

உதவி டி செல் ஒன்றின் மேல் சிடி4 பல பத்தாயிரம் இருக்கும். இவ்வளவு நிறைய இருக்கும் புரதத்துக்கு எஃப்ஐடிசி போன்ற நடுத்தர ஒளியே போதும், விலையும் குறைவு. பிஇ மிகப் பிரகாசமானது. அதைக் குறைவாக இருக்கும் புரதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். பின்னால் சிடி25-ஐயோ ஒரு சைட்டோகைன் ரிசெப்டரையோ சேர்க்கும்போது அந்த இடம் காலியாக இருக்கும்.

இரண்டு லேசர், நான்கு நிறம் உள்ள மெஷினுக்கு நன்றாக ஓடும் ஒரு கூட்டு: சிடி45 பெர்சிபி-சை5.5, சிடி3 ஏபிசி, சிடி4 எஃப்ஐடிசி, சிடி8 பிஇ. (சிடி45 வெள்ளணுக்களிலும், சிடி3 எல்லா டி செல்களிலும், சிடி8 கொல்லும் டி செல்களிலும் இருக்கும் புரதங்கள்.) எஃப்ஐடிசி ஒளி பிஇ டிடெக்டருக்குள் கசியும்தான். ஆனால் சிடி4-உம் சிடி8-உம் ரத்தத்தில் பெரும்பாலும் ஒரே செல்லில் சேர்ந்து இருப்பதில்லை என்பதால் இந்த ஜோடியில் அந்தக் கசிவு உங்களை அதிகம் தொல்லைப்படுத்தாது.

பிஇ-சை7, ஏபிசி-சை7 போன்ற இரட்டைச் சாயங்களை முதல் முறையே எடுக்க வேண்டாம். வெளிச்சம் பட்டாலும், ஃபிக்ஸ் செய்து நெடுநேரம் வைத்தாலும் அவை உடைந்து, பிஇ-சை7 வெறும் பிஇ போல ஒளிரும். அப்போது திரையில் இல்லாத ஒரு செல் கூட்டம் தோன்றும்.

4. காகிதங்களை இன்றே தொடங்குங்கள்

மனித ரத்தம் என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, தன்னார்வலரின் ஒப்புதல் படிவம், அது தமிழிலும் இருப்பது — இவை இல்லாமல் ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது. இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்தான் அடிப்படை. நெறிமுறைக் குழு தினமும் கூடுவதில்லை. சில இடங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். அடுத்த கூட்டம் எப்போது, அதற்கு எத்தனை நாள் முன்பு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்று இன்றே கேளுங்கள். ஆன்டிபாடி வந்து குளிர்பெட்டியில் கிடக்க, அனுமதி வராமல் காலாவதித் தேதி நெருங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கும், மருத்துவக் கழிவு எடுப்பவர்களுக்கும் தகவல் கொடுப்பதைக் கூடவே முடித்துவிடுங்கள்.

விலைப்புள்ளி கேட்கும்போது பொருளின் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். கேட்டலாக் எண், குளோன், நிறம், எந்த உயிரினத்துக்கு, எத்தனை டெஸ்ட் என்ற ஐந்தும் உங்கள் கடிதத்திலேயே இருக்கட்டும். பதிலில் இவையெல்லாம் இருக்கின்றனவா பாருங்கள்: ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, பொருளின் எச்எஸ்என் வரிக் குறியீடு, குளிர்ச் சங்கிலியில் அனுப்பும் செலவு, டெலிவரி எத்தனை வாரம், கைக்கு வரும்போது எத்தனை மாத ஆயுள் மிச்சம் இருக்கும். கடைசி வரியை எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் காலாவதியாகும் குப்பி வந்தால் திருப்பி அனுப்ப உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

குப்பியில் "ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால், அதில் வரும் எண்ணை நோயாளியின் ரிப்போர்ட்டில் எழுதக்கூடாது. எச்ஐவி சிகிச்சைக்கான சிடி4 எண்ணிக்கைக்கு நோயறிதலுக்கென்று அனுமதி பெற்ற கிட்தான் வேண்டும். மருத்துவக் கல்லூரியில் வேலை செய்பவர்களிடம் "இதையும் சேர்த்து ஓட்டிக் கொடுங்களேன்" என்று யாராவது வந்து கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

5. செலவும் காலமும்

ஃபுளோவுக்கான ஆன்டிபாடிகளை 25 டெஸ்ட், 100 டெஸ்ட் என்று விற்பார்கள். பெரும்பாலும் ஒரு டெஸ்ட் என்பது 5 மைக்ரோலிட்டர், சிலவற்றில் 20. அது பத்து லட்சம் செல்லுக்கோ 100 மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கோ நிறுவனம் தாராளமாகப் போட்ட கணக்கு. எவ்வளவு ஆன்டிபாடி போதும் என்று சோதித்து (படி 8) நீங்கள் அளவு பிடித்துப் பார்த்தால் 1.25 மைக்ரோலிட்டரே போதும் என்று வரலாம். அப்போது 500 மைக்ரோலிட்டர் உள்ள 100 டெஸ்ட் குப்பி 400 டெஸ்டாகிவிடும். எனவே முதலில் சிறிய குப்பியை வாங்குங்கள், அளவு பிடியுங்கள், பிறகு வருடத் தேவையைக் கணக்கிட்டுப் பெரியதை ஆர்டர் செய்யுங்கள். பக்கத்து ஆய்வகத்தில் அதே குளோன் இருந்தால் 20 மைக்ரோலிட்டர் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். ஒரு முழு அளவுபிடிப்புக்கு அது போதும். நிறுவனப் பிரதிநிதியிடம் மாதிரிக் குப்பி கேட்டும் பாருங்கள், சிலர் தருவார்கள்.

பட்ஜெட்டில் சிடி4 குப்பியை மட்டும் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். சிடி3, சிடி45, செத்த செல் சாயம், காம்பன்சேஷன் மணிகள் (நிறக் கசிவைக் கழிக்க உதவும், ஆன்டிபாடி ஒட்டும் நுண்மணிகள்), 12×75 மில்லிமீட்டர் குழாய்கள், மெஷின் கட்டணம் எல்லாம் சேர்ந்து அந்தக் குப்பியின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

உள்நாட்டுக் கிடங்கில் இருப்பு இருந்தால் ஒன்றிரண்டு வாரம். இறக்குமதி என்றால் 4 முதல் 8 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நிதி மார்ச் 31-க்குள் செலவாக வேண்டுமென்றால் டிசம்பரிலேயே கோப்பை நகர்த்துங்கள். ஏப்ரல், மே வெயிலில் வரும் பார்சல் வெள்ளிக்கிழமை வந்து சேராதபடி அனுப்பச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு காவலாளியின் மேசையில் கிடக்கும் பெட்டிக்குள் ஐஸ் பேக் திங்கள்கிழமை வரை தாங்காது.

6. பெட்டி வந்த அன்று

பிரித்தவுடன் ஐஸ் பேக்கைத் தொட்டுப் பாருங்கள். குளிர் போயிருந்தால் போட்டோ எடுத்து அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஓரிரு நாள் சூட்டில் ஆன்டிபாடி பெரும்பாலும் கெடுவதில்லை, ஆனாலும் புகார் பதிவாகியிருக்க வேண்டும்.

குப்பி கட்டைவிரல் அளவுதான் இருக்கும், உள்ளே பார்த்தால் காலியாகத் தெரியும். பயப்படாதீர்கள், திரவம் மூடியில் ஒட்டியிருக்கும். திறப்பதற்கு முன் சிறு சென்ட்ரிஃபியூஜில் பத்து விநாடி சுற்றி இறக்குங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். 2 முதல் 8 டிகிரியில், இருட்டில் வையுங்கள்.

உறைய வைக்கவே கூடாது. பிஇ, ஏபிசி இரண்டும் பெரிய புரதங்கள். உறைந்து உருகினால் ஒளி போய்விடும். ஆன்டிபாடி என்றாலே மைனஸ் 20 என்று பழகிய கை தானாக அந்தக் கதவைத் திறக்கும், கவனம். சாதாரண ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், அங்கேயும் உறையும்.

அந்த லாட்டுக்கான (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கான) பகுப்பாய்வுச் சான்றிதழையும் பாதுகாப்புத் தாளையும் நிறுவனத் தளத்திலிருந்து அன்றே இறக்கி வையுங்கள். குப்பியில் சுமார் 0.09 சதவீதம் சோடியம் அசைடு இருக்கும். அது செல்லைக் கொல்லும், ஆகவே இந்தக் குப்பியை வளர்ப்புச் செல்லில் ஊற்ற முடியாது. செம்பு, ஈயக் குழாயுள்ள சிங்க்கிலும் கொட்டக்கூடாது. அங்கே படியும் அசைடு வெடிக்கும் தன்மை கொண்டது.

7. இரண்டு கரைசல்கள்

சாய பஃபர்: 500 மில்லி பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), அதில் 10 மில்லி எஃப்பிஎஸ் (மாட்டுக் கருவின் சீரம்), செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க 0.5 மோலார் இடிடிஏ 2 மில்லி. கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பிபிஎஸ் எடுங்கள். 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து 4 டிகிரியில் வையுங்கள். கலங்கினால் கொட்டிவிடுங்கள், பாக்டீரியா திரையில் தூசி போல வந்து நிற்கும்.

சிவப்பணு உடைக்கும் கரைசல், ஒரு லிட்டருக்கு: அமோனியம் குளோரைடு 8.29 கிராம், பொட்டாசியம் பைகார்பனேட் 1 கிராம், டைசோடியம் இடிடிஏ 37 மில்லிகிராம், பிஎச் 7.2 முதல் 7.4. இதை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தபின்தான் பயன்படுத்த வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் பாதிச் சிவப்பணு உடையாது. திறந்து மூடி மாதக்கணக்கில் வைத்த பாட்டிலும் வேலை செய்யாது.

8. அளவு பிடித்தல்: இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்

ஆன்டிபாடி அதிகமானால் நல்லது என்று தோன்றும். உண்மையில் அதிகமானால் சிடி4 இல்லாத செல்லிலும் கொஞ்சம் ஒட்டி, இல்லாததும் இருப்பது போல் மேலேறும். குறைந்தால் இருக்கும் செல்லெல்லாம் நிரம்பாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அதை உங்கள் மெஷினில், உங்கள் மாதிரியில், நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

0.3 மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் எடுக்க முயலாதீர்கள், எந்தப் பிப்பெட்டும் அதைச் சரியாகத் தராது. இப்படிச் செய்யுங்கள். ஏழு சிறு குழாய்களுக்கு 1 முதல் 7 வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோலிட்டர் பஃபர் விடுங்கள். முதல் குழாயில் 20 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி சேர்த்துப் பிப்பெட்டாலேயே ஏழெட்டு முறை மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். அதிலிருந்து 20 எடுத்து இரண்டாவதில் விட்டுக் கலக்குங்கள். ஒவ்வொரு முறையும் புது முனை. ஏழாவது வரை போய், அதிலிருந்து கடைசி 20-ஐக் கொட்டிவிடுங்கள். இப்போது ஏழிலும் 20 மைக்ரோலிட்டர் இருக்கும். உள்ளே இருக்கும் ஆன்டிபாடி 10, 5, 2.5, 1.25, 0.63, 0.31, 0.16 மைக்ரோலிட்டர். 5 மைக்ரோலிட்டர் ஒரு டெஸ்ட் என்றால் மொத்தச் செலவு நான்கு டெஸ்ட்தான்.

எட்டுக் குழாயில் தலா 100 மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்து, ஏழில் இந்த வரிசையையும், எட்டாவதில் வெறும் பஃபரையும் விடுங்கள். எல்லாவற்றிலும் சிடி3 ஒரே அளவாகச் சேருங்கள். படி 9-இல் உள்ளபடி முடித்து மெஷினில் ஓட்டுங்கள். சிடி3 உள்ள செல்களை மட்டும் எடுத்தால் சிடி4 இருப்பவை, இல்லாதவை என்று ஒளி வரைபடத்தில் இரண்டு மலை தெரியும். இல்லாதவை பெரும்பாலும் சிடி8 செல்கள், அவையே உங்கள் இயற்கையான கன்ட்ரோல்.

ஒவ்வொரு குழாய்க்கும் சாயக் குறியீட்டைக் கணக்கிடுங்கள்: இருக்கும் மலையின் மீடியனிலிருந்து இல்லாத மலையின் மீடியனைக் கழித்து, இல்லாத மலையின் திட்ட விலக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு மீடியன் 12,000, 200, விலக்கம் 150 என்று வைத்துக்கொண்டால் 11,800-ஐ 300-ஆல் வகுக்க 39 வரும். இந்த எண் எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அந்த அளவை எடுங்கள். இரண்டு அளவுகள் ஏறத்தாழ ஒன்றாக வந்தால், செல் எண்ணிக்கை ஏறி இறங்கக்கூடிய ஆய்வுக்குக் கூடுதலானதையும், மற்றதற்குக் குறைவானதையும் எடுக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: இங்கே முக்கியம் செறிவு. 100 மைக்ரோலிட்டருக்குப் பிடித்த அளவை 500 மைக்ரோலிட்டரில் போட்டால் செறிவு ஐந்தில் ஒன்றாகி, மலை இடதுபக்கம் நகர்ந்துவிடும்.

9. சாயமேற்றும் நாள்: மொத்தம் ஒன்றரை மணி நேரம்

ரத்தத்தை இடிடிஏ குழாயில் எடுத்து அறை வெப்பத்திலேயே வைத்து 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். எடுப்பதற்கு முன் குழாயை எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள்.

12×75 குழாயின் அடியில் ஆன்டிபாடிகளை விடுங்கள். அதன்மேல் 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தை, பிப்பெட் முனை சுவரைத் தொடாமல், அடிவரை கொண்டுபோய் விடுங்கள். சுவரில் ஒரு கீற்று ரத்தம் பட்டுவிட்டால் அந்தச் செல்கள் சாயத்தைப் பார்க்கவே பார்க்காது. பின்னால் கரைசல் ஊற்றும்போது கழுவிக்கொண்டு இறங்கி, திரையில் "சிடி4 இல்லாத செல்" என்று கணக்கில் ஏறும். பட்டுவிட்டால் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுங்கள்.

மெல்லக் கலக்கி, இருட்டில், அறை வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம். உடைக்கும் கரைசல் 2 மில்லி சேர்த்து, கலக்கி, இருட்டில் 10 நிமிடம். உடைந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி: அச்சடித்த தாளின் முன் குழாயைப் பிடியுங்கள். கலங்கலாக இருந்தது சட்டென்று தெளிந்து, பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் உடைந்துவிட்டது. 10 நிமிடமாகியும் படிக்க முடியாவிட்டால் இன்னும் ஓரிரு நிமிடம் கொடுக்கலாம். 15-ஐத் தாண்டவிடாதீர்கள், வெள்ளணுவும் அடிபடும்.

400 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுற்றி, மேலே உள்ளதைக் கொட்டி, பஃபர் 2 மில்லி விட்டு மறுபடி ஒருமுறை சுற்றுங்கள். 300 முதல் 500 மைக்ரோலிட்டர் பஃபரில் கலக்கி எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்ட முடியாவிட்டால் 1 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் வைத்து, 4 டிகிரியில், இருட்டில், மறுநாளுக்குள் ஓட்டுங்கள். மெத்தனால் பக்கம் போகாதீர்கள். பிஇ, ஏபிசி இரண்டையும் அது கெடுத்துவிடும்.

முழு ரத்தத்துக்குப் பதிலாகப் பிரித்தெடுத்த செல்கள் என்றால் ஒரு குழாய்க்குப் பத்து லட்சம் எடுத்து, முதலில் மனித எஃப்சி பிளாக் (ஆன்டிபாடி தவறான இடத்தில் ஒட்டாமல் தடுப்பது) போட்டு 10 நிமிடம் வையுங்கள். அலமாரியில் இருக்கும் 2.4ஜி2 குப்பி சுண்டெலிக்கானது, மனிதச் செல்லில் அது பயன்படாது. முழு ரத்தத்தில் பிளாஸ்மாவின் ஐஜிஜியே அந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும்.

ஃபிக்ஸ் தாங்கும் செத்த செல் சாயம் போடுவதானால் அதைப் புரதம் இல்லாத வெறும் பிபிஎஸ்ஸில், ஆன்டிபாடிக்கு முன்பே போடுங்கள். எஃப்பிஎஸ் உள்ள பஃபரில் போட்டால் சாயம் சீரத்தின் புரதத்திலேயே ஒட்டித் தீர்ந்துவிடும்.

10. கன்ட்ரோல் குழாய்கள்

சாயமே இல்லாத ஒன்று, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே ஒன்று, இவை கட்டாயம். தனிநிறக் குழாய்களை வைத்துத்தான் கசிவைக் கழிக்க முடியும். அதில் உள்ள ஒளி உங்கள் உண்மையான மாதிரியில் இருப்பதை விடக் குறைவாக இருக்கக்கூடாது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்ற சந்தேகம் வரும் நிறத்துக்கு, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் போட்ட குழாய் ஒன்று வேண்டும். சிடி4-க்கு மலைகள் நன்றாகப் பிரிந்து நிற்பதால் ஐசோடைப் கன்ட்ரோலுக்குச் செலவழிப்பது தேவையில்லை என்பதே என் கருத்து. கட்டுரை மதிப்பீட்டாளர் கேட்டால் மட்டும் வாங்கலாம்.

11. திரையில்

வரிசை இது: தூசியை நீக்குங்கள், ஒட்டிய இரட்டைச் செல்களை நீக்குங்கள், சிடி45 அதிகமும் பக்கச் சிதறல் (செல்லில் பட்டுப் பக்கவாட்டில் சிதறும் ஒளி) குறைவுமாக உள்ள லிம்ஃபோசைட்டை எடுங்கள், அதில் சிடி3 உள்ளதை எடுங்கள், பிறகுதான் சிடி4.

சிடி3 இல்லாமல் சிடி4 மட்டும் போட்டு உதவி டி செல் என்று எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. மோனோசைட்டிலும் சிடி4 உண்டு, ஒளி கொஞ்சம் மங்கல். இரண்டு மலைக்கும் நடுவே ஒரு தோள் போல அது நின்றால் சாயம் கெட்டது என்று நினைத்து இன்னொரு குப்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சிடி3 இருக்கும் செல்லை மட்டும் எடுத்தால் அந்தத் தோள் மறைந்துவிடும்.

சிடி3 செல்கள் குறைந்தது 5,000 சேரும் வரை ஓட்டுங்கள். இன்னொன்று, இங்கே கிடைப்பது சதவீதம் மட்டுமே. ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை செல் என்று வேண்டுமானால் எண்ணும் மணிகளைச் சேர்க்க வேண்டும், அல்லது லிம்ஃபோசைட்டில் அது எத்தனை சதவீதம் என்பதை அதே ரத்தத்தின் லிம்ஃபோசைட் எண்ணிக்கையோடு பெருக்க வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது பொதுவாக 500 முதல் 1,500 வரை இருக்கும்.

12. வரவில்லை என்றால்

ஒன்றுமே தெரியவில்லை: லேசர், ஃபில்டர், டிடெக்டர் மூன்றையும் முதலில் பாருங்கள். பிறகு காம்பன்சேஷன் மணியில் ஆன்டிபாடியைப் போட்டு ஓட்டுங்கள். மணி ஒளிர்ந்தால் குப்பி நன்றாக இருக்கிறது, பிரச்சினை செல்லில்.

தூண்டிய செல்லில் மட்டும் சிடி4 காணவில்லை: செல்லைத் தூண்டும் வேதிப்பொருளான பிஎம்ஏ போட்டிருப்பீர்கள். பிஎம்ஏ பட்டதும் செல் சிடி4-ஐ மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபிக்ஸ் செய்து துளையிட்டபின் சாயமேற்றினால் உள்ளே போனதும் தெரியும். இல்லையென்றால் சிடி3 உள்ள, சிடி8 இல்லாத செல் என்று சுற்றுவழியாக எடுங்கள்.

திசுவிலிருந்து பிரித்த செல்லில் மங்கல்: டிரிப்சின் போன்ற நொதிகள் சிடி4-ஐ வெட்டிவிடும். நொதியின் நேரத்தைக் குறையுங்கள் அல்லது வகையை மாற்றுங்கள். சரிபார்க்க, சாதாரண ரத்தச் செல்லையும் அதே நொதியில் அதே நேரம் வைத்துப் பாருங்கள்.

எல்லாச் செல்லும் கொஞ்சம் கொஞ்சம் ஒளிர்கிறது: ஆன்டிபாடி அதிகம், அல்லது செத்த செல் அதிகம், அல்லது ஒரு கழுவல் குறைந்திருக்கிறது.

ஒரு தன்னார்வலரிடம் மட்டும் பூஜ்யம்: குளோன் ஓகேடி4-ஆ என்று பாருங்கள். ஆம் என்றால் அதே ரத்தத்தை ஆர்பிஏ-டி4-ஆல் ஓட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள். அவரிடம் போய்ப் பயமுறுத்தும் வார்த்தை எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

13. நோட்டில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு ஓட்டத்துக்கும்: கேட்டலாக் எண், குளோன், நிறம், லாட் எண், திறந்த தேதி, போட்ட அளவு, மொத்தக் கன அளவு, ரத்தம் எடுத்த நேரம், ஓட்டிய நேரம், டிடெக்டர் மின்னழுத்தம். கட்டுரை அனுப்பும்போது பல இதழ்கள் ஆர்ஆர்ஐடி எண் (ஆய்வுப் பொருளை அடையாளம் காட்டும் பொது எண்) கேட்கும். அது குளோன் பக்கத்திலேயே இருக்கும், இப்போதே எடுத்து வையுங்கள்.

பழைய குப்பியில் கடைசி இருபது முப்பது மைக்ரோலிட்டர் மிச்சம் இருக்கும்போதே புதிய லாட்டை ஆர்டர் செய்யுங்கள். வந்ததும் ஒரே ரத்தத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, மீடியன் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சாயம் ஏதாவது சேர்த்திருந்தால் அதன் கசிவு லாட்டுக்கு லாட் மாறும். அதற்குத் தனிநிறக் குழாயையும் புதிய குப்பியிலிருந்தே மறுபடி ஓட்ட வேண்டும்.